தேர் வந்த கடற்கரை: வாசகர் கேள்வி – பதில்

நற்றிணையில் கடற்கரை நிலத்துக்குரிய நெய்தல் பாடல் ஒன்றைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். மீனவராகிய பரதவர் மகளை விரும்பி வரும் செல்வர் வீட்டு இளைஞனை, அவளுடைய தோழி நின்ற இடத்திலிருந்தே திருப்பி அனுப்பும் பாடல் அது. அதையொட்டி வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே கடற்கரைக் காதலில் செல்வமும் குடியும் எப்படிக் குறுக்கே நிற்கின்றன என்பதையே கேட்டிருந்தமையால், இந்த இதழின் பக்கத்தை அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: பணக்கார வீட்டுப் பையன் மீனவர் வீட்டுப் பெண்ணைக் காதலிப்பது திரைப்படக்காரர்கள் உண்டாக்கிய கதை என்றும், சங்க இலக்கியத்தில் தலைவனும் தலைவியும் எல்லா வகையிலும் ஒத்தவர்களாகவே இருப்பார்கள் என்றும் எங்கள் வகுப்பில் ஒரு வாதம் நடந்தது. நீங்கள் எடுத்துக்காட்டிய பாடல் விதிவிலக்கா? (கல்லூரி மாணவி)

விதிவிலக்கு அன்று. பாடலை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் வாதம் தானே தீர்ந்துவிடும். நற்றிணையின் 45ஆம் பாடல் பதினொரே அடிகளைக் கொண்டது. பாடியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தோழி இரண்டு முகவரிகளை எதிரெதிரே வைத்துத் தொடங்குகிறாள். இவள், கடற்கரைச் சோலையை அடுத்த அழகிய சிறுகுடியில், நீலநிறப் பெருங்கடல் கலங்கும்படி உள்ளே புகுந்து மீன் பிடிக்கும் பரதவருடைய மகள். நீயோ, நெடிய கொடிகள் அசையும் கடைத்தெருக்களை உடைய பழைய ஊரில், விரைந்து செல்லும் தேரை உடைய செல்வனின் காதல் மகன். முதல் ஐந்து அடிகளுக்குள் இருவருடைய ஊர், தொழில், தந்தை, உடைமை எல்லாம் சொல்லப்பட்டுவிடுகின்றன. இன்றைக்கும் ஒரு வீட்டுத் திண்ணையில் சம்பந்தம் பேச வந்தவர்களைக் கேட்பவர்கள் இந்த வரிசையில்தான் கேட்பார்கள்.

அடுத்து வருவது இன்னும் கூர்மையானது. கொழுத்த சுறாவை அறுத்துக் காயப் போட்டிருக்கிறோம், அதைக் கொத்த வரும் பறவைக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டிருக்கிற எங்களுக்கு அழகு என்ன வேண்டியிருக்கிறது என்று கேட்டுவிட்டு, ‘புலவு நாறுதும், செல நின்றீமோ’ என்கிறாள். எங்கள்மேல் புலால் நாற்றம் அடிக்கிறது, கிட்டே வராமல் அப்படியே போய்விடுங்கள் என்பது அதன் பொருள். கடலில் விளைவதைக் கொண்டு வாழும் எங்கள் சிறிய நல்ல வாழ்க்கை உங்களோடு ஒப்பாகாது, எங்களவர்களிலும் சிறந்தவர்கள் இருக்கிறார்கள் என்று பாடல் முடிகிறது.

உங்கள் வகுப்புத் தோழர்கள் தலைவனும் தலைவியும் ஒத்தவர்கள் என்று சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காம வாயில், நிறை, அருள், உணர்வு, திரு என்று பத்து வகை ஒப்புமைகளை எண்ணுகிறது. பிறப்பில் தொடங்கிச் செல்வத்தில் முடிகிற பட்டியல் அது. ஆனால் அதே நூலில் களவு எனப்படும் மறைவான காதலைப் பேசும் களவியல், ஒத்த கிழவனும் கிழத்தியும் ஒருவரையொருவர் காண்பர் என்று சொன்ன கையோடு, ‘மிக்கோன் ஆயினும் கடிவரை இன்றே’ என்று ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. தலைவன் உயர்ந்தவனாக இருந்தாலும் விலக்கு இல்லை. கடற்கரைக்குத் தேர் வருவது அந்த வாசல் வழியாகத்தான். அது யாருக்குத் திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்பது வேறு பேச்சு. கீழே இன்னொரு வாசகர் அதைக் கேட்டிருக்கிறார்.

கேள்வி: தோழி அவனை விலக்குவது உத்திதானே? ‘சேட்படுத்தல்’ என்ற துறை, தலைவனை அலையவிட்டு அவன் உறுதியைச் சோதிப்பதற்காக அமைந்தது. அதில் ஏழை, செல்வன் என்ற உணர்வைக் கொண்டுபோய் ஏற்றுவது இக்காலத்துக் கண்ணாடியால் பார்ப்பதாகாதா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

துறை விளக்கத்தில் ஐயாவோடு எனக்கு மாறுபாடு இல்லை. குறை வேண்டி நிற்கிறவனை உடனே ஏற்றுக்கொள்ளாமல் தள்ளி நிறுத்துவது தோழியின் வேலை. அவள் உண்மையிலேயே அவனைத் துரத்த நினைத்தாளா, அல்லது அவன் பெண் கேட்டு முறையாக வரட்டும் என்று நினைத்தாளா என்றால், மரபுப்படி இரண்டாவதே சரி.

ஆனாலும் உத்தி என்பதற்காகச் சொல்லின் எடை குறைந்துவிடாது. ஒருவனை விலக்கி நிறுத்தத் தோழிக்கு எத்தனையோ காரணங்கள் கிடைக்கும். அவள் சிறுமி, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லலாம். அண்ணன்மார் கடுமையானவர்கள் என்று சொல்லலாம். நீ யாரைச் சொல்கிறாய் என்றே தெரியவில்லை என்று கைவிரிக்கலாம். இவையெல்லாம் பிற பாடல்களில் வருகின்றன. இந்தப் புலவர் அவற்றை விட்டுவிட்டுத் தேரையும் கருவாட்டையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கிறார். கேட்கிறவன் நம்பக்கூடிய காரணமாக இருந்தால்தான் சாக்கு எடுபடும். கடைத்தெரு ஊரில் பிறந்தவனுக்கும் சிறுகுடியில் பிறந்தவளுக்கும் இடையே உள்ள தொலைவு, அக்காலத்தில் யார் கேட்டாலும் நம்பும்படி இருந்தது என்பதற்கு இந்தப் பாடலே சான்று.

இன்னொன்றையும் ஐயா கவனிக்க வேண்டும். தோழி தங்கள் வாழ்க்கையைச் ‘சிறு நல் வாழ்க்கை’ என்கிறாள். சிறியது என்று ஒப்புக்கொண்ட அதே மூச்சில் நல்லது என்றும் சொல்லிவிடுகிறாள். முதலில் தாழ்ந்து பேசுவதுபோல் பேசி, கடைசி அடியில் எங்களிடமும் சிறந்தவர்கள் உண்டு என்று நிமிர்ந்து நிற்கிறாள். வந்தவன் கெஞ்ச வேண்டிய நிலைக்கு அவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அவள் பேச்சை முடித்துக்கொள்கிறாள்.

கேள்வி: தோழி சொன்னதைக் கேட்டு அந்தச் செல்வர் மகன் என்ன செய்தான்? எந்தப் பாட்டிலாவது அவன் தேரைவிட்டு இறங்கி வந்தானா? (வங்கிப் பணியாளர்)

இதே தலைவன் என்று சொல்ல முடியாது. அகப்பாடல்களில் பெயர் கிடையாது, ஒரு பாடலின் கதை அந்தப் பாடலோடு முடிகிறது. ஆனால் தோழியின் அந்தப் பேச்சுக்கு விடை சொல்ல எழுந்ததுபோல ஒரு பாடல் அகநானூற்றில் இருக்கிறது. 280ஆம் பாடல், பாடியவர் அம்மூவனார். நெய்தல் என்றாலே நினைவுக்கு வர வேண்டிய புலவர் அவர். ஐங்குறுநூற்றில் இரண்டாவது நூறாக நிற்கும் நெய்தல் பாடல்கள் முழுவதும் அவருடையவை.

பாடலில் தலைவன் தன் நெஞ்சோடு பேசிக்கொள்கிறான். பொன்னைத் தட்டிச் செய்ததுபோல ஒளிரும் செருந்திப் பூக்களைத் தொடுத்துச் சூடிய ஓர் இளம்பெண், மணல் இறுகிய கரையில் நண்டை ஓட்டி விளையாடிக் களைத்து உட்கார்ந்திருக்கிறாள். கலம் நிறைய உயர்ந்த பொருளைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அவளை அடைவது அரிது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பணக்காரன் வழக்கமாக எடுக்கும் ஆயுதம் இங்கே பயன்படாது என்பதைப் புலவர் முதலிலேயே தீர்த்துவிடுகிறார்.

அதற்குப் பிறகு அவன் போடும் கணக்குதான் வியப்பானது. நாம் வாழும் ஊரைவிட்டுப் பெயர்ந்து அங்கே போய்விட்டால் என்ன? அவளுடைய தந்தையோடு சேர்ந்து உப்பளத்தில் உழைத்தும், ஆழ்கடலில் மிதவையேறிப் புகுந்தும், அவனுக்குக் கீழ்ப்பட்டு, பணிந்து, அவன் பக்கத்திலேயே இருந்தால், அப்போதாவது தருவானோ? ‘படுத்தனம் பணிந்தனம் அடுத்தனம் இருப்பின்’ என்று மூன்று வினைகளை அடுக்குகிறார் அம்மூவனார். ஒவ்வொரு சொல்லிலும் அவன் ஒரு படி இறங்குவது காதில் விழுகிறது. கடைசியில் நிற்பதோ உறுதி அன்று, கேள்வி: ‘தருகுவன் கொல்லோ தானே?’ இவ்வளவு செய்தாலும் தருவானா என்பது அவனுக்கே நிச்சயம் இல்லை.

அந்தத் தந்தை யார் என்பதையும் பாருங்கள். விரிந்த அலைகளில் கிடைத்த திரண்ட முத்துகளைக் கொண்டுவந்து அகன்ற கரையில் எல்லோருக்கும் பங்கிடுகிற பரதவன். முத்துக் குளிக்கிறவனுக்குச் செல்வம் இல்லை என்று சொல்ல முடியாது; அது அவன் கையில் நிற்காமல் கரையில் பகுக்கப்படுகிறது. இதே அம்மூவனார் அகநானூற்றின் 10ஆம் பாடலிலும், புதிய வலைகளையுடைய பரதவர் தாங்கள் பிடித்த கோட்டுமீனை அறுத்துப் பாக்கம் எனப்படும் கடற்கரை ஊரில் உள்ளவர்களுக்குப் பகுத்துக் கொடுப்பதைச் சொல்கிறார். இரண்டு இடத்திலும் அவர் கண் பங்கீட்டின்மேல் விழுந்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தேர் ஒருவனுடையது, அதில் அவன் தனியே வருகிறான். கரைக்கு வந்த மீன் பாக்கத்துக்கே உரியது. அங்கே பெண் எடுக்க வேண்டுமானால் அந்தப் பங்கீட்டுக்குள் நீயும் ஓர் ஆளாக வர வேண்டும் என்பதைத் தலைவன் புரிந்துகொண்டதால்தான், பரிசப் பொருளைப் பற்றிய எண்ணத்தை விட்டுவிட்டு உப்பையும் மிதவையையும் நினைக்கிறான் என்று நான் படிக்கிறேன்.

அவன் நினைத்ததைச் செய்தானா என்பதைப் பாடல் சொல்லவில்லை. நினைத்ததோடு நின்றிருக்கவும் கூடும். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் இரவில் எடுக்கும் முடிவுகளைப் பகலில் மறந்துவிடுவது எக்காலத்துக்கும் பொது.

கேள்வி: பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இந்தப் பாடல்களைப் படித்துவிட்டு, ‘இவர்களுக்கெல்லாம் என் வயசுதானா அம்மா?’ என்று கேட்கிறாள். என்ன சொல்வது? (இல்லத்தரசி)

உண்மையைச் சொல்லிவிடுங்கள் அம்மா. பாடல்கள் வயதை எண்ணிச் சொல்வதில்லை. பிற்கால நூல்கள் சொல்கின்றன. இறையனார் களவியலின் உரை தலைவனுக்குப் பதினாறும் தலைவிக்குப் பன்னிரண்டும் வயது என்கிறது. சிலப்பதிகாரத்தில் மணநாளன்று கோவலனுக்கும் கண்ணகிக்கும் சொல்லப்படும் வயதும் அதேதான். அக்காலத்து மண வழக்கம் அது. இன்று அந்த வயதில் இருப்பவர்கள் சட்டப்படி குழந்தைகள். திருமணத்துக்குப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற வரம்பை மீறுவதைத் தடுக்க 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பாதுகாப்புக்கு 2012ஆம் ஆண்டின் சட்டமும் இருக்கின்றன. பழம்பாடலைச் சான்றாகக் காட்டி இவற்றை யாரும் தளர்த்திக்கொள்ள முடியாது என்பதை அவளிடம் ஒளிக்காமல் சொல்லலாம்.

அதைச் சொன்ன பிறகு, அகநானூற்றின் 20ஆம் பாடலை இருவருமாகச் சேர்ந்து படியுங்கள். உலோச்சனார் பாடியது. தன் வயதுக்காரி ஒருத்தி எப்படி நாளைக் கழித்தாள் என்பதை உங்கள் மகள் அதில் காண்பாள். அப்பா கடலிலிருந்து கொண்டுவந்த கொழுமீன் காய்கிறது. அதில் வந்து விழும் பறவைகளை ஓட்ட வேண்டும். அந்த வேலை முடிந்ததும் புன்னை நிழலில் இளைப்பாறல், சிவந்த நண்டின் ஆழமான வளையைத் தோண்டுதல், ஞாழல் மரத்தின் உயர்ந்த கிளையில் தாழை விழுதைக் கயிறாகக் கட்டி ஊஞ்சல் ஆடுதல், மணலில் குரவை ஆடி அலுத்துப்போனால் தோழிகளோடு அலையில் இறங்குதல். வேலையும் விளையாட்டும் கோடு போட்டுப் பிரிக்க முடியாதபடி ஒன்றாகக் கிடக்கின்றன.

இவ்வளவையும் நிறுத்தியது எது தெரியுமா? அம்மா போட்ட காவல். காவல் போடக் காரணம் ஊர்ப் பெண்களின் பேச்சு. அந்தப் பேச்சில் காதலனின் பெயரோ முகமோ இல்லை. பகல் என்றும் இரவு என்றும் பாராமல் நிலவு போன்ற மணலில் ஒரு தேர் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பாட்டின் கடைசி அடியில்தான் அந்தத் தேர் வருகிறது. தேர் ஏது, யாருடையது என்று சிறுகுடியில் யாரும் கேட்க வேண்டியதில்லை. மீன் பிடிக்கிறவர்களிடம் தேர் இல்லை. ஒரு பொருள் வந்து நின்றதுமே அது யாரைத் தேடி வந்தது, தேடி வந்தவன் எங்கிருந்து வந்தவன் என்பது ஊருக்கே விளங்கிவிடுகிறது. வீட்டுக்குள் அடைபட்டவள் பெண் ஒருத்தியே. தேரை யாரும் தடுத்து நிறுத்தவில்லை. இந்த இடத்தில் உங்கள் மகள் ஏதாவது கேட்டால், அதற்கு என்னிடமும் ஆறுதலான பதில் இல்லை.

கேள்வி: கோடை விடுமுறைக் காதல் என்று இப்போது சொல்கிறார்களே, கடற்கரைக்கு வந்து போகிறவர்களின் அந்தச் சில வாரக் காதல் பழைய நூல்களில் உண்டா? (மென்பொறியாளர்)

விடுமுறை என்ற பெயரில் இல்லை. ஆனால் நீங்கள் கேட்கும் இரண்டு கூறுகளும், அதாவது குறுகிய காலமும் நகரத்தார் கடற்கரைக்கு வந்து போவதும், தனித்தனியே இருக்கின்றன.

காலத்தைப் பொறுத்தவரை, நெய்தலுக்குத் தொல்காப்பியம் எற்பாடு என்ற சிறுபொழுதை, அதாவது பொழுது சாயும் நேரத்தைத்தான் சொல்கிறது. பிற்கால அகப்பொருள் நூல்கள் ஆண்டின் ஆறு பருவங்களையும் அதற்கு உரியனவாக்குகின்றன. ஆகவே கோடைக்கென்று தனி இடம் இல்லை. வேனிலைப் பாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் களவு நீடிக்கலாகாது என்பதில் இலக்கணக்காரர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். இறையனார் களவியலில் ஒரு நூற்பா, களவிலே தங்கி மணத்தை நீட்டிப்பது ‘திங்கள் இரண்டின் அகம்’ என்கிறது. இரண்டு மாதத்துக்குள் ஊரறிய மணந்துகொள்ள வேண்டும். ஏறக்குறைய ஒரு கோடை விடுமுறையின் நீளம்! இக்காலத்துக் கோடைக் காதல் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். அக்காலத்து விதி இரண்டு மாதத்தில் முடித்துக் காட்டச் சொல்கிறது.

வந்து போகிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் சிலப்பதிகாரத்தின் கானல்வரிக்குப் போக வேண்டும். புகார் நகரத்தில் சித்திரையில் இந்திர விழா நடக்கிறது. விழா முடிந்து நகரமே கடலாடப் போகிறது. கோவலன் கோவேறு கழுதையிலும் மாதவி வண்டியிலும் ஏறிப் போய், புன்னை நிழலில் புதுமணலில் இடம் பிடித்து அமர்கிறார்கள். கையில் யாழ். கோவலன் தொடங்கும் பாட்டுகளில் ஒன்று மீனவப் பெண் ஒருத்தியை நோக்கியது: ‘கடல்புக்கு உயிர்கொன்று வாழ்வர் நின் ஐயர்.’ உன் வீட்டார் கடலுக்குள் போய் உயிரைக் கொன்று வாழ்கிறார்கள், நீயோ என் உடலுக்குள் புகுந்து உயிரைக் கொன்று வாழ்கிறாய் என்று பாட்டு போகிறது. மாதவியும் விடாமல் நெய்தல் நிலத்துப் பெண்ணின் குரலில் பதில் பாடுகிறாள்.

நற்றிணைக்கும் இதற்கும் நடுவே என்ன நடந்துவிட்டது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே சிறுகுடிப் பெண் தானே நின்று, எங்கள்மேல் புலால் நாறுகிறது, போ என்றாள். இங்கே பெருவணிகர் மகனும் நாடகக் கணிகையும் விழாக்காலப் பொழுதுபோக்காக அவள் வேடத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். கடற்கரையில் உண்மையான மீனவப் பெண் யாரும் பேசவில்லை. அவளுடைய தகப்பன் தொழில் ஒரு சிலேடைக்குப் பயன்பட்டுவிட்டது. இளங்கோவின் கலைத்திறனைக் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பாட்டு விளையாட்டு கோவலன் – மாதவி பிரிவில் போய் முடிவதைப் பார்த்தால், கடற்கரைக் காதலை நடித்துக் காட்டுவதில் உள்ள ஆபத்து அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கேள்வி: செல்வர் வீட்டுப் பெண், திமிலில் போகிற பரதவ இளைஞன் என்று மாற்றிப் போட்ட பாடல் ஏதும் இல்லையா? (வழக்கறிஞர்)

‘மிக்கோன் ஆயினும்’ என்றுதான் நூற்பா. தலைவி உயர்ந்தவளாக இருப்பதைப் பற்றி அங்கே பேச்சில்லை. நெய்தலில் தேரேறி வருபவன் ஆண். மணலில் உட்கார்ந்து மீனுணக்கல் காப்பவள் பெண். உள்நாட்டில் மட்டும் ஓர் அரிய பாடல் உண்டு. நற்றிணை 110இல், பொற்கலத்தில் பாலை ஏந்திக்கொண்டு செவிலியர் துரத்தத் துரத்த ஓடி ஒளிந்த செல்வ மகள், மணந்தவன் குடி வறுமைப்பட்ட பிறகும் தந்தை தரும் வளமான சோற்றை நினைக்காமல், ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்டு வாழ்கிறாள். போதனார் பாடியது. அதில் கடலும் இல்லை, வறுமையும் பின்னால் வந்ததுதான். இலக்கணம் ஒரு பக்கத்துக்கு மட்டும் திறந்த வாசல், இலக்கியத்திலும் ஒரு பக்கமாகவே திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு மேலே போக வேண்டியிருக்கிறது.

கேள்வி: அவன் திரும்பி வருவானா, மாட்டானா என்று சொல்லாமலே இந்தப் பாட்டுகள் முடிவது ஏன்? (பள்ளி ஆசிரியை)

நெய்தலின் உரிப்பொருளே, அதாவது அந்த நிலத்துக்கு உரிய காதல் உணர்வே, இரங்கல் என்பது முதற்காரணம். காத்திருந்து கலங்குவதற்கென்றே அந்த நிலத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். கடலுக்குப் போனவர் வரும்வரை கரையில் பார்த்துக்கொண்டு நிற்பது அங்கே அன்றாடம் நடப்பது. காதலுக்கும் அதே நிற்றல் வாய்த்திருக்கிறது.

இரண்டாவது காரணம், இந்தப் பாடல்கள் கதை சொல்வதற்காக எழுந்தவை அல்ல. ஒருவர் இன்னொருவரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்காகப் பேசும் பேச்சுகள். மேலே சொன்ன அகநானூற்று 10ஆம் பாடலில் தோழி, இரவில் வந்துவிட்டுப் போகிற தலைவனை வழிமறிக்கிறாள். இவள் கண் கலங்க நீ பிரிய நினைத்தால் அது நல்லதன்று, உரிமையோடு உன்னுடன் இவளை அழைத்துக்கொண்டு போ என்று நேராகச் சொல்லிவிடுகிறாள். இவள் அழகு தொண்டித் துறைமுகத்தைப் போன்றது என்று அவள் சொல்லும்போது, மீனைப் பகுத்துக் கொடுக்கும் அந்த ஊரின் வளத்தையும் சேர்த்தே சொல்கிறாள். உன் ஊருக்கு நீ கொண்டுபோகிறவள் வெறுங்கையோடு வருகிறவள் அல்லள் என்று அதற்குள் ஒரு குறிப்பு இருக்கிறது. தலைவன் என்ன சொன்னான் என்பது அவன் நடத்தையில் தெரிய வேண்டியது, பாட்டில் அன்று.

கேள்வி: எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கடல்தொழில் செய்கிறது. கருவாடு காயப் போட்டுக் காக்கை ஓட்டி வளர்ந்தவள் நான். கல்லூரியில் நெய்தல் பாட்டு நடத்தும்போது ‘புலவு நாறுதும்’ என்ற இடம் வந்தால் வகுப்பே சிரிக்கும். எழுதியவர்கள் எங்களைக் கேலி செய்தார்களா, மதித்தார்களா? (கடலோர ஊரிலிருந்து ஒரு வாசகி)

சிரித்தவர்கள் அந்த அடியைப் பேசியவள் யார் என்பதைக் கவனிக்கவில்லை. நகரத்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்ன சொல் அன்று அது. அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே எடுத்து அவன் முன்னால் போட்ட சொல். நீ மனத்துக்குள் நினைக்கக்கூடியது இதுதானே, நானே சொல்லிவிட்டேன், இப்போது பேசு என்கிற துணிவு அதில் இருக்கிறது. வகுப்பில் நடத்துகிறவர்கள் அடுத்த மூன்று அடிகளையும் அதே குரலில் படித்துக் காட்டியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

பரதவர் எல்லா இடத்திலும் எளியவர்களாகவே காட்டப்படவும் இல்லை. மதுரைக்காஞ்சி பாண்டியன் நெடுஞ்செழியனைத் ‘தென்பரதவர் போரேறே’ என்று விளிக்கிறது. அங்கே அவர்கள் போரிடும் வலிமை கொண்ட மக்கள். ஆக, தேர்ச் செல்வன் மகனுக்கும் பரதவர் மகளுக்கும் இடையே இருந்த தொலைவு காசு பணத்தால் மட்டும் ஆனதன்று. கடைத்தெருவும் கொடியும் உள்ள ஊரில் வாழ்வதற்கும் கடலுக்குள் இறங்கி வாழ்வதற்கும் இடையே உள்ள தொலைவு அது. இதைக் கரையில் இருப்பவர்கள் இன்னும் நன்றாக அறிவீர்கள்.

மதித்தார்களா என்ற கேள்விக்கு ஒட்டுமொத்தமாக ஆம் என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. பாடிய புலவர்களில் எத்தனை பேர் வலையிழுத்த கை உடையவர்கள் என்பதைப் பாட்டை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஆனால் எழுதினவர் கரையில் நின்று பார்த்தவரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கலாம். அம்மூவனாரின் இன்னொரு பாடலில், அகநானூறு 140இல், உப்பு வணிகரின் மகள் ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பு’ என்று சேரியில் கூவி விற்றுக்கொண்டு போகிறாள். புதிய குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் கண் வெருண்டு இரண்டு கயல்கள் எதிர்த்துப் பொருவதுபோல ஆகிறது. நெல்லுக்கு உப்பு சரிக்குச் சரி என்ற விலையும், தெருவுக்குப் புதியவளைக் கண்டு குரைக்கும் நாயும் உட்கார்ந்த இடத்தில் கற்பனையில் வருபவை அல்ல. உங்களைப் போலக் காக்கை ஓட்டினவர்கள் யாராவது இந்தப் பாடல்களுக்கு உரை எழுத வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. சுறாவை அறுத்து உலர்த்தும்போது எந்தப் பறவை முதலில் வரும், எந்த நேரத்தில் காவல் விட்டால் மோசம் என்பதெல்லாம் எங்களைப் போன்ற ஏட்டுப் புலிகளுக்குத் தெரியாது.

தொடங்குவதற்கு எது எளிது என்றும் கடிதத்தின் அடியில் கேட்டிருக்கிறீர்கள். ஐங்குறுநூற்றின் இரண்டாவது நூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாடல்கள் மூன்று முதல் ஆறு அடிக்குள் முடிந்துவிடும். முதல் பாட்டிலேயே பச்சை அடும்புக் கொடி அறுபடும்படி தேர் மணலில் ஏறி இறங்கி வருகிறது. உ. வே. சாமிநாதையர் 1903இல் பழைய உரையோடு அதைப் பதிப்பித்தார். நற்றிணைக்குப் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயரின் உரையோடு 1915இல் வந்த பதிப்பு இன்றும் மறுஅச்சில் கிடைக்கிறது. அகநானூற்றின் நெய்தல் பாடல்களைத் தேடுவது சுலபம்: 10, 20, 30 என்று பத்தின் மடங்காக வரும் எண்கள் எல்லாம் நெய்தல்தான்.